சில்லுச் சந்தையில் ஒரு பகல்

ஹொங்கொங்கின் மேற்குக் கௌலூன் நிலையத்திலே குடிவரவுச் சோதனைகளை முடித்துக்கொண்டு புகையிரதத்தில் ஏறினோமாயின், கைப்பையைத் தட்டில் வைத்து நிமிர்வதற்குள் சென்சென் நகரம் வந்துவிடுகின்றது. நிலத்தின் கீழாக ஓடும் அந்த அதிவேக வண்டிக்கு இது கால்மணி நேரப் பயணமே. பூத்தியன் என்னும் நிலையத்தில் இறங்கி, நகரச் சுரங்க வண்டிக்கு மாறி, சில தரிப்புக்களைக் கடந்து படியேறினால், உலகெங்குமுள்ள இலத்திரனியல் விருப்பினர் புண்ணிய தலம் போல எண்ணும் ஹுவாச்சியாங்பெய் வீதியிலே வந்து நிற்கலாம். 2026 ஆம் ஆண்டு தை மாதத்தில் நாம் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்தோம். துணைக்கு வந்த மாணவர் எமது நாட்டவர். குவாங்சோ நகரிலே பொறியியல் பயில்பவர். சீன மொழியைத் தாய்மொழி போலப் பேசுபவர். அவர் இல்லாவிடில் நாம் வாயிருந்தும் ஊமைகளாகவே திரும்பியிருப்போம்.

ஹுவாச்சியாங் என்பது அவ்வட்டாரத்தில் முன்னர் தொழிற்சாலை நிறுவிய ஒரு நிறுவனத்தின் பெயர். சீனம் வலுப்பெறுக என்னும் கருத்தை உட்கொண்டது. பெய் என்றால் வடக்கு. 1980 ஆம் ஆண்டிலே சீன அரசு சென்சென்னை விசேட பொருளாதார வலயமாகப் பிரகடனம் செய்தபொழுது இங்கே வயல்களும் மீனவர் கிராமங்களும் எல்லைப்புறத்துச் சிறு பட்டினம் ஒன்றுமே இருந்தன. அதன் பின்னர் வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றைப் பூட்டும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பெட்டி பூட்டுபவனுக்கு உதிரிப்பாகம் வேண்டும். உதிரிப்பாகம் விற்பவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். 1988 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் சேக் என்னும் நிறுவனம் அத்தகைய விற்பனையாளரை ஒரே கூரையின் கீழ்க் கூட்டி ஒரு சந்தையைத் திறந்தது. சீன தேசத்தில் இலத்திரனியல் உதிரிகளுக்கென்றே தோன்றிய முதற் சந்தை அதுவாகும். இன்று எழுபதுக்கு மேற்பட்ட மாடிகளையுடைய சேக் கோபுரத்தின் கீழ்மாடிகளிலே அச்சந்தை நடைபெறுகின்றது.

இக்கோபுரத்துக்கு ஒரு விநோதமான வரலாறு உண்டு. 2021 ஆம் ஆண்டு வைகாசி 18 ஆந் திகதி, நிலநடுக்கம் எதுவும் இல்லாதிருக்கையிலே, கோபுரம் தானாகவே ஆடத் தொடங்கிற்று. உள்ளே இருந்தோர் அனைவரும் அலறியடித்து வீதிக்கு ஓடினர். உச்சியில் நாட்டியிருந்த கம்பம் காற்றில் அதிர்ந்தமையே காரணம் என்று நிபுணர்கள் ஆராய்ந்து கண்டனர். கம்பத்தைக் கழற்றிய பின் புரட்டாசியிலே சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. கோபுரம் ஆடிய அவ்வாண்டிலேதான் சந்தையின் விலைகளும் ஆடின. அக்கதைக்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எம்மை வந்தடைந்தது ஓர் ஒலி. பொதி ஒட்டும் நாடாவைச் சுருளிலிருந்து இழுக்கும் கிறீச்சொலி நான்கு திசைகளிலிருந்தும் இடைவிடாது எழுகின்றது. சந்தையெங்கும் கண்ணாடி மேசைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமே இருக்கும். 'ஒரு மீற்றர் மேசை' என்றே சீனர் இதனைக் கூறுவர். அம்மேசையிலிருந்து பெருஞ்செல்வரானோர் பற்றிய கதைகளும் வழங்குகின்றன. ஒருவர் மேசையில் மின்தடைகள் மாத்திரம். அடுத்தவரிடம் சிவப்பும் பச்சையுமான ஒளிர்விளக்குகள் மாத்திரம். அதற்கடுத்தவர் ஆளிகளன்றி வேறெதுவும் விற்பதில்லை. சுண்டுவிரல் நகத்திலும் சிறிய பண்டங்களை நீண்ட பிளாத்திக்கு நாடாவிலே குழி குழியாக அடைத்து, நாடாவைத் திரைப்படச் சுருள் போலச் சுற்றி வைத்திருக்கின்றனர். ஒரு சுருளில் மூவாயிரம், ஐயாயிரம் என்று கணக்கு. அரிசி மணியளவு மின்தடைகள் ஐயாயிரம் சில பத்து யுவானுக்கு வாங்கலாம். மேசைக்குப் பின்னால் ஒரு தாய் சோற்றுக் கிண்ணத்துடன் அமர்ந்திருக்கிறார். பக்கத்திலே மகள் பள்ளிக்கூடப் பாடம் எழுதுகிறாள். எமது புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. இங்கே மாடிமேல் மாடியாக அது தொடர்கின்றது என்பதே வேற்றுமை.

இச்சந்தையின் முதற் கேள்வி 'எத்தனை?' என்பதாகும். விலையை நீங்கள் கேட்டால் விடையாக வருவதும் அதுவே. பத்தாயிரம் வேண்டுபவனுக்கு ஒரு விலை, நூறு வேண்டுபவனுக்கு வேறு விலை. ஒன்று வேண்டும் என்பவனைச் சிலர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. வேறு சிலர் சிரித்துவிட்டு, கத்தரிக்கோலால் நாடாவை வெட்டி ஒன்றைத் தருகின்றனர். ஒற்றைப் பொருளை வாங்குபவனையும் பத்தாயிரம் வாங்குபவனையும் ஒரே மேசையின் முன் நிறுத்தும் சந்தைகள் உலகில் மிகச் சில. இதனாலன்றோ தேசந்தோறுமுள்ள மாணவர்களும் விருப்பினரும் இவ்வீதியை நாடி வருகின்றனர்!

எமது கையிலும் ஓர் அட்டவணை இருந்தது. வடமாகாணத்துப் பாடசாலையொன்றின் விஞ்ஞானக் கழகத்தினர் எழுதித் தந்தது. ஆசிரியரும் பெற்றாரும் பழைய மாணவர்களும் சேர்த்த 40,000 ரூபாவும் உடன் இருந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 900 யுவான். கழகத்திலே 24 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை, வெப்பநிலை உணரிகள், சிறு திரைகள், கம்பிகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறு கணினி என்று ஆசிரியர் அழகிய கையெழுத்தில் வரிசைப்படுத்தியிருந்தார். 2022 இல் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பலகை என்ற கணக்கிலேயே கழகம் நடந்தது என்றும் அவர் எம்மிடம் கூறியிருந்தார். அறுவரில் ஒருவர் கம்பியைத் தொட, ஐவர் பார்த்துக்கொண்டிருந்தனராம். பார்த்துப் படித்த ஐவருள் நால்வர் சில வாரங்களில் வராமலே நின்றுவிட்டனராம்.

நுண்கட்டுப்படுத்தி யாதென்று இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். சில்லு என்றதும் எம்மவருக்கு வண்டிச் சில்லே நினைவுக்கு வரும், இது வேறு. சிலிக்கன் தகட்டின் ஒரு சிறு துணுக்கிலே கணிக்கும் பகுதி, கட்டளைகளை நிலையாக வைத்திருக்கும் நினைவகம், வேலை செய்யும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், வெளியுலகுடன் பேசும் கால்கள் ஆகிய அனைத்தும் அமைந்த முழுக் கணினி அது. சலவை இயந்திரத்திலும், சோறு சமைக்கும் மின்பானையிலும், விளையாட்டுப் பொம்மையிலும், மோட்டார்க் காரின் கண்ணாடி ஏற்றும் பொறியிலும் அதுவே அமர்ந்து ஏவல் செய்கின்றது. மாணவர் உலகிற் பெயர்பெற்றது ஏ.ரி.மெகா 328 என்பது. இருபத்தெட்டுக் கால்களுடைய கரிய பூரான் போன்றது. கட்டளைகளுக்கு 32 கிலோபைற்று இடமும், வேலைக்கு 2 கிலோபைற்று இடமும் கொண்டது. அதன் மூலவடிவத்தைச் சிந்தித்தவர்கள் நோர்வே நாட்டின் துரொன்ஹைம் நகரிலே பயின்ற அல்ஃப் எகில் போகன், வெகார்ட் வொல்லன் என்னும் இரு மாணவர். மாணவர் சிந்தித்த சில்லு மாணவரிடமே திரும்பியதும் ஒரு பொருத்தமே. 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா என்னும் ஊரிலே வடிவமைப்புக் கல்வி பயின்றோருக்காக, இக்குடும்பத்துச் சில்லொன்றைப் பலகையிலேற்றி, அர்டுயினோ என்று பெயரிட்டு வெளியிட்டனர். அவ்வூரிலிருந்த ஒரு மதுச்சாலையின் பெயர் அது. மதுச்சாலைக்கோ பழைய அரசன் ஒருவனின் பெயர். மின்னியல் அறியாதோரும் ஒரு விளக்கை ஏற்றியணைத்துப் பழகலாம் என்ற துணிவை உலகுக்கு அளித்தது அப்பலகையே.

இத்தகைய சிறு பண்டத்துக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது? சேக் கோபுரத்தின் முதலாம் மாடியிலே நுண்கட்டுப்படுத்திகளை மாத்திரம் விற்கும் ஓர் அம்மையார் முன் நாம் நெடுநேரம் நின்றோம். கடை நடத்தும் பெண்ணை 'லாவ்பன்யாங்' என்று அழைப்பது அங்குள்ள மரியாதை. மாணவரும் அவ்வாறே அழைத்து, 2021 ஆம் ஆண்டு எப்படி இருந்தது என்று கேட்டார். அம்மையார் கணிப்பானைக் கீழே வைத்தார்.

"காலையில் ஒரு விலை சொல்வேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அது பழைய விலை. விற்றவர்கள் எல்லோரும் விற்றதற்காக வருந்தினார்கள் என்கிறார், ஐயா," என்று மாணவர் எமக்கு உரைத்தார்.

அக்கதை பலரும் எண்ணுவது போலத் திடீரெனத் தொடங்கியதன்று. 2020 ஆம் ஆண்டிலே பெருந்தொற்று பரவியதும் மோட்டார்க் கார் நிறுவனங்கள் விற்பனை வீழும் என்றஞ்சித் தமது கட்டளைகளை இரத்துச் செய்தன. அதே வேளை வீட்டிலடைந்த மாந்தர் கணினியும் திரையும் வாங்கிக் குவித்தனர். சில்லுத் தொழிற்சாலைகள் அவ்வேலைக்குத் திரும்பின. சில மாதங்களில் கார் விற்பனை மீண்டபொழுது, நிறுவனங்கள் வரிசையின் பின்னால் நிற்க நேர்ந்தது. சிலிக்கன் தகட்டிலிருந்து ஒரு சில்லு பிறந்து வெளிவருவதற்கு மூன்று மாதமளவு செல்லும். இன்று கேட்டு நாளை பெறும் பண்டம் அதுவன்று. இதனிடையே அனர்த்தங்களும் சேர்ந்தன. 2020 ஐப்பசியில் யப்பானின் நொபெயோக்காவிலே ஒரு சில்லுத் தொழிற்சாலை எரிந்தது. 2021 மாசியில் டெக்சாஸ் மாநிலத்திலே பனிப்புயலால் மின்சாரம் நின்று, அங்கிருந்த பெரிய தொழிற்சாலைகள் முடங்கின. பங்குனி 19 இல் யப்பானின் நாக்கா என்னும் ஊரிலே ரெனசாஸ் நிறுவனத்தின் ஆலையில் தீப்பற்றியது. காரில் இடம்பெறும் நுண்கட்டுப்படுத்திகளை ஆக்கும் நிறுவனங்களுள் அது முன்னணியிலுள்ளது. தைவானிலோ அவ்வாண்டு மழை பொய்த்து, சில்லுகளைக் கழுவும் நீருக்கே பஞ்சம் ஏற்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அடியிலே கிடக்கும் காரணம் ஒன்றுண்டு. நுண்கட்டுப்படுத்திகளிற் பெரும்பாலானவை பழைய முறையிலே, பழைய யந்திரங்களில் ஆக்கப்படுபவை. ஒவ்வொன்றும் ஈட்டும் இலாபம் சில சதங்களே. கோடிக்கணக்கான பணத்தைக் கொட்டிப் புதிய ஆலை எழுப்புவோர் விலையுயர்ந்த புதிய சில்லுகளையே ஆக்க விரும்புவர். ஆகவே தேவை பெருகியபொழுது மலிந்த சில்லுகளை மேலும் ஆக்குவதற்கு ஆலை இருக்கவில்லை. மலிவாக இருந்தமையே அவற்றுக்கு வினையாயிற்று.

எஸ்.ரி.எம். 32 என்னும் குடும்பத்துச் சில்லுகள் பிரான்சும் இத்தாலியும் கூடிப் பிறப்பித்த நிறுவனமொன்றின் ஆக்கங்கள். பொறியியல் மாணவர் கையில் அவற்றைப் போல் புழங்குவன சில. சில யுவானுக்கு விற்ற அவை பலமடங்கு விலைக்கு ஏறின. ஓராண்டு காத்திருங்கள் என்று விநியோகத்தர் கைவிரித்தனர். காத்திருக்கும் வரிசையில் முதலில் கார் நிறுவனம், பின்னர் தொலைபேசி நிறுவனம், அதன் பின்னர் சிறு தொழிற்சாலை. ஐந்து சில்லு வேண்டிய மாணவன் வரிசையிலேயே இல்லை. அவனுக்கு எஞ்சியது தரகர் சொன்ன விலை. 2021 ஆவணியில் சீன அரசின் சந்தை ஒழுங்குபடுத்தும் நிருவாகம், கார்ச் சில்லுத் தரகரை விசாரிக்கத் தொடங்கிற்று. 10 யுவானுக்கும் குறைவாக வாங்கிய சில்லை 400 யுவானுக்கு மேல் விற்றமை வெளியாயிற்று. புரட்டாசியிலே மூன்று நிறுவனங்களுக்கு மொத்தம் 25 இலட்சம் யுவான் தண்டம் விதித்தனர். நாற்பது மடங்கு இலாபம் கண்டோருக்கு அத்தண்டம் உறைத்திருக்குமா என்பது எமது ஐயம்.

சந்தைக்கும் ஒரு நீதி உண்டு போலும். 2022 இன் நடுப்பகுதியிலிருந்து தேவை தளர்ந்தது. விலை ஏறிய வேகத்திலேயே இறங்கிற்று. மேலும் ஏறும் என்று சுருள் சுருளாகப் பதுக்கியவர்கள் வாங்கிய விலைக்கும் விற்க இயலாது தவித்தனர். அம்மையாரின் அயல்மேசைக்காரர் ஒருவர் அவ்வாறே மேசையை விட்டுப் போனாராம். அவர் இருந்த இடத்தில் இப்போது விசிறி விற்கின்றனர்.

உலகுக்கு விலை இறங்கிய அவ்வேளையிலேதான் எமது நாட்டுக்கு விலை ஏறிற்று என்பதை நாம் மறக்கவியலாது. 2022 பங்குனி முற்பகுதியில் 200 ரூபாவாயிருந்த டொலர் வைகாசியில் 360 ரூபாவைத் தொட்டது. நான்கு டொலர்ப் பலகை 800 ரூபாவிலிருந்து 1,440 ரூபாவாயிற்று. கப்பற் கூலியும் தீர்வையும் கடைக்காரர் இலாபமும் அதன்மேல். எரிபொருளுக்கும் மருந்துக்குமே டொலர் இல்லாத நாட்டில் மாணவனின் சில்லுக்கு யார் டொலர் தருவார்? அறுவருக்கு ஒரு பலகை என்ற கணக்கு அங்கிருந்தே பிறந்தது. சென்சென்னில் ஏறிய விலையைச் சென்சென் வியாபாரி இரண்டாண்டில் மறந்துவிட்டார். வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் ஆண்டோ திரும்பவில்லை.

தட்டுப்பாட்டுக் காலத்திலே போலிகளும் பெருகின. பழைய பலகைகளைச் சூடாக்கிச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, கால்களை நிமிர்த்தி மினுக்கிப் புதியன போல விற்பது ஒரு வகை. மலிந்த சில்லின் முதுகைத் தேய்த்து, உயர்ந்த சில்லின் பெயரை அச்சிடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகை புறத்தோற்றத்தில் அகப்படுவதில்லை. ஆயினும் பல சில்லுகளின் உள்ளே அடையாள எண் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது; அதனை வாசிக்கும் சிறு கருவியை எம் மாணவர் சட்டைப்பையிலேயே கொண்டு வந்திருந்தார். மேசைதோறும் அதனை எடுத்துவைத்தவுடன் வியாபாரிகளின் முகங்கள் இரண்டு விதமாக மாறியதைக் கண்டு நாம் நகைத்தோம். லாவ்பன்யாங்கோ முகம் மாறாமல், தாமே அக்கருவியை வாங்கி, தமது சில்லொன்றைப் பொருத்திக் காட்டினார்.

தட்டுப்பாடு நன்மை எதனையும் செய்யவில்லை என்று கூறுவதும் நேர்மையன்று. எஸ்.ரி.எம். கிடைக்காதபொழுது, அதே கால்களையுடைய சீனச் சில்லுகளைப் பொறியியலாளர் நாடினர். பெய்சிங் நகரத்து கிகாடிவைஸ் நிறுவனத்தின் சில்லுகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. பிரித்தானியாவின் ராஸ்பெரிப் பை நிறுவனத்தார் 2021 தை மாதத்திலே, தாம் வடிவமைத்த ஆர்.பி. 2040 என்னும் சில்லைப் பைக்கோ என்னும் பலகையிலேற்றி நான்கு டொலருக்கு விற்றனர். அவ்வாண்டு ஆனியிலே அச்சில்லைத் தனியாகவும் ஒரு டொலருக்கு விற்கத் தொடங்கினர். மற்றைய சில்லுகள் மறைந்த காலத்தில் அது கிடைத்துக்கொண்டே இருந்தது. கட்டளை நினைவகத்தை வெளியே வைத்து, சில்லை மிகச் சிறிதாக வடித்திருந்தபடியால், ஒரு சிலிக்கன் வட்டத்தகட்டில் ஏறக்குறைய 20,000 சில்லுகள் கிடைத்தன. 2022 இல் நான்சிங் நகரத்து டபிள்யு.சி.எச். நிறுவனம் சி.எச். 32 வி 003 என்னும் சில்லைப் பத்து அமெரிக்கச் சதத்துக்கு வெளியிட்டது. அர்டுயினோச் சில்லுக்குள்ள அதே 2 கிலோபைற்று வேலையிடம், வேகமோ மும்மடங்கு. நாலாயிரம் கிலோமீற்றரோ முப்பது ரூபாவோ, எது தடுத்தாலும் மாணவனின் கைக்கு ஒரு சில்லு எட்டிவிடும் காலம் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

ஆயினும் சந்தை தானே மாறிக்கொண்டிருக்கின்றது. நண்பகலில் வெளியே வந்து வீதியிலே உலாவினோம். 2013 இலிருந்து சுரங்கப் பாதை வேலைக்காக மூடியிருந்த வீதியை 2017 தை மாதத்தில் நடைபாதையாக்கித் திறந்தனர். மரங்களும் ஆசனங்களும் உள. சற்று வடக்கே மிங்தொங் என்னும் கட்டிடம் நிற்கின்றது. ஒரு காலத்தில் கைத்தொலைபேசி வியாபாரத்துக்குப் பெயர்போனது. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் அது முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் விற்கும் சந்தையாக மாறிவிட்டது. உதிரிப்பாக வியாபாரத்தின் பெரும்பகுதியை இணையவழிக் கடைகள் கைப்பற்றியமை எல்லோரும் அறிந்ததே. மேசைகளில் உள்ளோரும் வருவோரைப் பார்ப்பதிலும் கைத்தொலைபேசித் திரையைப் பார்ப்பதே அதிகம். பொதி ஒட்டும் அந்தக் கிறீச்சொலி முழுவதும் முகமறியாத வாங்குவோருக்காகவே எழுகின்றது. நாம் இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆனால் கையிலே எடுத்துப் பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக் கற்றுக்கொள்ளும் மாணவனுக்குத் திரை ஈடாகாது. எம் மாணவர் ஒரு மேசையில் அரைமணி நேரம் நின்று திரை வகைகளைக் குறித்து வினவினார். விற்பவர் சலிக்காமல் விடைகூறினார். ஈற்றில் வாங்கியது இரண்டு யுவான் பண்டம்.

பிற்பகலில் அட்டவணையை எடுத்தோம். ஆர்.பி. 2040 சில்லைக் கொண்டு சீனத்துப் பட்டறைகள் ஆக்கிய பலகை 12 யுவான். இருபத்துநான்குக்கு 288 யுவான். உணரிகளும் திரைகளும் கம்பிகளும் 130 யுவானில் அடங்கின. ஆறில் ஒருவர் என்ற கணக்கு அந்நொடியிலே ஒழிந்தது. மிஞ்சியது பொதுக் கணினி ஒன்றே. தொல்லையும் அங்கேதான் தொடங்கிற்று.

ஆசிரியர் கேட்டிருந்தது ராஸ்பெரிப் பை ஐந்தாவது வகை, எட்டு கிகாபைற்று நினைவகத்துடன். அவர் அட்டவணை எழுதியபொழுது அதன் நிர்ணய விலை 80 டொலர். 2025 மார்கழி முதலாந் திகதி அதனை 95 டொலராக உயர்த்தியிருந்தனர். பதினாறு கிகாபைற்றுடையதோ 120 இலிருந்து 145 டொலராயிற்று. பலகையில் மாற்றம் எதுவும் இல்லை. ஏறியது நினைவகச் சில்லின் விலை. செயற்கை நுண்ணறிவுக்கென அமெரிக்காவிலும் பிறநாடுகளிலும் எழும் பெருங் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்குகின்றன. உலகில் அவற்றிற் பெரும்பகுதியை ஆக்குவோர் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூவரே. கூடுதலாகத் தருபவருக்கே அவர்கள் ஆலையைத் திருப்புவர். 2025 மார்கழியில் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு நேராக விற்றுவந்த குருசல் என்னும் வியாபாரத்தைக் கைவிடுவதாகவே அறிவித்துவிட்டது. 2021 இல் கார் நிறுவனம் நின்ற இடத்திலே இன்று கணினிக் கூடம் நிற்கின்றது. மாணவன் நிற்கும் இடம் மாறவில்லை.

நினைவகம் விற்கும் மேசைகளில் விலைச்சீட்டே காணோம். என்ன விலை என்று கேட்டதற்கு, "எப்போது வாங்கப்போகிறீர்கள்?" என்று எதிர்க்கேள்வி வந்தது. இப்போதே என்றோம். விற்பவர் தொலைபேசியில் யாரையோ கேட்டு ஒரு தொகை சொன்னார். எட்டு கிகாபைற்றுக் கணினி எமது மிச்சப் பணத்துக்கு எட்டவில்லை, நான்கும் எட்டவில்லை. வேறு இரு மேசைகளில் விசாரித்தோம். ஒருவர் கூடுதலாகச் சொன்னார். மற்றவர் மாலையில் வரும்படி கூறி, ஆனால் விலை உயரலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயா, பிள்ளைகள் எழுதும் கட்டளைகளைப் பலகைக்கு ஏற்றுவதற்கு இரண்டு கிகாபைற்றே போதும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்," என்றார் மாணவர்.

"ஆசிரியர் எட்டு என்று எழுதியிருக்கிறாரே, தம்பி?"

"அவர் எழுதியது சென்ற ஆண்டு விலைக்கு, ஐயா."

420 யுவான் கொடுத்து இரண்டு கிகாபைற்றுக் கணினியையே வாங்கினோம். நுண்கட்டுப்படுத்திகளை இந்த அலை நேரே தாக்கவில்லை என்பது அப்போதுதான் எமக்கு நன்கு விளங்கிற்று. அவற்றின் வேலையிடம் சில்லுக்குள்ளேயே அமைந்தது. மூன்று பெரியோரின் நினைவகம் அவற்றுக்கு வேண்டியதில்லை.

கையில் அறுபது யுவான் சொச்சம் மிஞ்சிற்று. மீண்டும் லாவ்பன்யாங்கிடம் சென்று, பத்துச் சதச் சில்லைக் காட்டினோம். எட்டுக் கால்களுடைய வகை அவரிடம் இருந்தது. பற்றாசு பிடிக்கப் பழகும் பிள்ளைகளின் கைக்கு ஏற்றது. எத்தனை என்று அவர் கேட்கவே செய்தார். ஐம்பது என்றார் மாணவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றும் சொல்லிவைத்தார். ஆயிரத்துக்குக் குறைந்தால் விலை கூடும் என்று அம்மையார் கணிப்பானில் ஒரு தொகை தட்டிக் காட்டினார். ஒன்று ஒரு யுவான் வீதம் ஐம்பது யுவான். பிள்ளைகளுக்கென்று அவர் விலையைக் குறைக்கவில்லை. சுருளை எடுத்து, நாடாவின் குழிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணி, கத்தரித்து, எண்ணிக்கையை மறுமுறையும் சரிபார்த்துத் தந்தார். ஐம்பது கணினிகளும் முழம் ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த நாடாவிலே அடங்கின.